உங்க நெயில் டிரில்லுக்கும் ஜி.டி.நாயுடுவுக்கும் என்ன சம்பந்தம்? - கலங்கல் கிராமத்திலிருந்து ஒரு பட்ஜெட் பாடம்!

ஆன்லைன்ல ஆர்டர் போட்ட நெயில் ஆர்ட் கிட் வந்தாச்சா? பிரிச்சுப் பாருங்க. புள்ளி வைக்கிற டாட்டிங் டூல், மெல்லிசான பிரஷ், கோடு போட ஸ்ட்ரைப்பிங் டேப், நகத்தைத் தேய்க்க ஒரு ஃபைல்... கொஞ்சம் கூடுதலா செலவு பண்ணியிருந்தா, பேனா மாதிரி ஒரு குட்டி நெயில் டிரில்லும் இருக்கும். பட்டனைத் தட்டினா விர்ருனு சுத்தும்.

அந்த டிரில்லை ஒரு நிமிஷம் கையில எடுங்க. உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. விரல் அளவுக்கு ஒரு மோட்டார், அதை ஓட்ட பேட்டரியோ யு.எஸ்.பி வயரோ, முனையில் வேலை செய்யும் ஒரு தலை. அவ்ளோதான். பார்லருக்குப் போய் இன்னொருவர் கையால் செய்துகொள்ள வேண்டிய வேலையை, வீட்டிலேயே நம்ம கையால் செய்துகொள்ள ஒரு கருவி.

இதே யோசனையை, யு.எஸ்.பி என்ற வார்த்தையே பிறக்காத காலத்தில் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செய்துகாட்டிவிட்டார். நகத்துக்கு இல்லை, தாடிக்கு. சின்ன மோட்டார், ட்ரை செல், கையடக்க உடம்பு. 'ரேசண்ட்' என்று அந்த ரேசருக்குப் பெயர். செய்தவர் ஜி.டி.நாயுடு.

சோமனூர்ல இருந்து கருமத்தம்பட்டி வழியா கோவைக்குப் போறவங்க, 2025 அக்டோபரில் திறந்த அவினாசி ரோடு மேம்பாலத்துல ஏறியிருப்பீங்க. கோல்டுவின்ஸ்ல தொடங்கி உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். அதுக்கு வச்சிருக்கிற பேரும் இவர் பேருதான். பாலத்துல செல்ஃபி எடுத்தாச்சு, ரீல்ஸ் போட்டாச்சு. பாலத்துக்குப் பெயர் கொடுத்த மனுஷரைப் பத்தி எவ்வளவு தெரியும்? வாங்க, பார்த்துடலாம்.

படிப்பு ஏறாத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர், சூலூர் பக்கத்தில் இருக்கும் கலங்கல். சோமனூர்ல பைக்கை எடுத்தா அரை மணி நேரத்துல போயிடலாம். அப்பா கோபால்சாமி நாயுடு, விவசாயி. துரைசாமி சின்னப் பையனா இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாத்தியார் மேல மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பையன் என்றுதான் ஊரில் கதை சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. ஆனால் படிப்பு வேண்டாம் என்று முடிவு செய்த பையன் இல்லை அவர். உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும் படிப்புதான் அவருக்கு ஏறவில்லை. கையால் தொட்டுப் பார்க்கிற படிப்பு ஏறியது. வாழ்நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தது.

அந்தப் படிப்பின் முதல் பாடம் ரோட்டில் வந்தது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கிராமத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியை மட்டுமே பார்த்த கண்களுக்கு, இழுக்க மாடும் இல்லாமல், மிதிக்க ஆளும் இல்லாமல் தானே ஓடுகிற வண்டி. மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இவருக்கு மட்டும் அதற்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி ஒட்டிக்கொண்டது.

இப்போ நமக்கு அப்படி ஒரு கேள்வி வந்தா யூடியூப்ல 'டியர்டவுன்' வீடியோ பார்த்துக்கலாம். அவருக்கு இருந்தது ஒரே வழி. அந்த வண்டியையே வாங்கணும்.

ஓட்டல் சர்வர் வாங்கிய மோட்டார் சைக்கிள்

வாங்கக் காசு? கோவைக்கு வந்தார். ஓர் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். டம்ளர் தூக்கி, மேஜை துடைத்து, மூன்று வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும், அந்த அதிகாரியையே தேடிப் போய் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிவிட்டார். 1912-ம் வருஷத்து மாடல், ரட்ஜ் கம்பெனி வண்டி.

வண்டி வாங்கினா நாம என்ன செய்வோம்? பூஜை போட்டு ஒரு ரவுண்டு போவோம். அவர் போல்ட் போல்ட்டாக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதுக்கு இருக்கு, அது இல்லைன்னா என்ன ஆகும்னு பார்த்தார். திரும்ப மாட்டினார். மாட்டி முடித்தபோது அவர் ஒரு மெக்கானிக்.

ஒரு பொருளைத் திறந்து பார்த்தவருக்கு, அதில் எந்தப் பாகம் வேலை செய்கிறது, எந்தப் பாகம் சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது தெரிந்தவருக்குத்தான் விலையைக் குறைக்கவும் தெரியும். நாயுடு பின்னாளில் செய்த எல்லாவற்றுக்கும் விதை இந்த மோட்டார் சைக்கிள்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பருத்தி கொடுத்தது, பருத்தியே எடுத்தது

அடுத்து அவர் போனது திருப்பூருக்கு. பருத்தி வியாபாரம், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஃபேக்டரி. முதல் உலகப் போர் நடந்த காலம், பஞ்சுக்கு நல்ல கிராக்கி. கையில் பணம் சேர்ந்தது. வந்த தைரியத்தில் பம்பாய்க்குப் போனார். அங்கே இருந்த பெரிய பருத்தி வியாபாரிகளுக்கு முன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. சம்பாதித்ததைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினார்.

சோமனூர்க்காரங்களுக்கு இது புரியாத கதை இல்லை. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் தறிச் சத்தம் மாறிடும்னு சின்ன வயசுல இருந்தே கேட்டு வளர்ந்தவங்கதானே நாம!

நெயில் ஆர்ட் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டு பஞ்சுக்குப் போயிட்டோமேன்னு நினைக்காதீங்க. உங்க நெயில் பாலிஷ் நகத்துல பளபளன்னு ஒரு படலமா நிற்குதே, அதுக்குக் காரணம் நைட்ரோசெல்லுலோஸ் என்கிற பொருள். செல்லுலோஸில் இருந்து செய்வது. அந்த செல்லுலோஸ் மரக்கூழில் இருந்தும் வரும், பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டிப் பஞ்சிழைகளில் இருந்தும் வரும். 1920-களில் கார்களுக்குப் பூசிய பளபள பெயின்ட்டிலும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். அதைப் பார்த்துத்தான் இன்றைய பாணி நெயில் பாலிஷ் பிறந்தது. 1932-ல் அமெரிக்காவில் ரெவ்லான் கம்பெனி தொடங்கியது நெயில் பாலிஷ் விற்கத்தான்.

பஞ்சும் மோட்டாரும் அவ்வளவு தூரத்து சொந்தம் இல்லை, பார்த்தீங்களா? நாயுடுவின் வாழ்க்கையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது. பஞ்சு கைவிட்டதும் மோட்டாருக்குத் திரும்பினார்.

ஒரே ஒரு பஸ்

கோவையில் அப்போது பெரிய தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். மில், காபி, பள்ளிக்கூடம் என்று பல துறைகளில் இருந்தவர். அவருடைய உதவி நாயுடுவுக்குக் கிடைத்தது. 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்ட ஆரம்பித்தார். ஆரம்பத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவரேதான் என்று சொல்வார்கள்.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்', சுருக்கமா யு.எம்.எஸ். கொஞ்ச வருஷத்திலேயே நாட்டில் சிறப்பாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. நேரம் தவறக் கூடாது என்பதில் நாயுடு கறார். வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது, நின்றால் ஏன் நின்றது என்று தெரிய வேண்டும். அதற்காகவே பட்டறை, அதற்காகவே சோதனைக் கருவிகள்.

பஸ் ஓட்டிச் சம்பாதித்த பணம் பட்டறைக்குள் போனது. கண்டுபிடிப்பாளர் நாயுடு அங்கேதான் பிறந்தார்.

கரன்ட் இல்லாத வீட்டுக்கு ஒரு ரேசர்

1930-களின் கோவையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் மின்சாரம் தர ஆரம்பிச்சிருந்தது. அந்தக் கரன்ட் கோவைக்கு வந்ததும் மில்கள் மளமளன்னு பெருகின. ஆனா கரன்ட் முதல்ல போனது மில்லுக்கும் நகரத்துக்கும்தான். சுத்துப்பட்டுக் கிராமங்கள்ல பெரும்பாலான வீடுகள் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குலதான் இருந்துச்சு.

முகச்சவரம் என்றால் முடிதிருத்துபவர் வரவேண்டும், அல்லது அவரைத் தேடிப் போகவேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ள பிளேடு ரேசர் இருந்தது, ஆனால் சோப்பு, தண்ணீர், கண்ணாடி, வெட்டுக்காயம் எல்லாம் கூடவே வரும். அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் என்பவர் செய்த எலெக்ட்ரிக் ரேசர் 1931-ல் விற்பனைக்கு வந்திருந்தது. அதை வேலை செய்ய வைக்க, சுவரில் பிளக் பாயின்ட் வேண்டும். பிளக் பாயின்ட்டுக்கு, வீட்டில் கரன்ட் வேண்டும்.

வெளிநாடுகளுக்குப் போய்வந்த நாயுடு செய்த ரேசண்ட் ரேசரின் அழகு இங்கேதான். அது ட்ரை செல்லில் ஓடும் சின்ன மோட்டார். சுவரில் பிளக் தேவையில்லை. டார்ச் லைட் எரிகிற வீட்டில் ரேசரும் ஓடும். பயணத்தில் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அதோடு நிறுத்தவில்லை. மிக மெல்லிய ஷேவிங் பிளேடும் செய்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம், கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி... பட்டியல் நீளம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. பாதிக்கு மேல வீட்டுக்குள்ள புழங்குற பொருள்கள். விசிறிக்கு மண்ணெண்ணெய், ரேசருக்கு ட்ரை செல். அந்த வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ, அதில் ஓடுகிற மாதிரி கருவி செய்திருக்கிறார். இல்லாததை வாங்கச் சொல்லவில்லை.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டாரையும் செய்தார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தப் பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கியவர். கோவை இன்று பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர். புவிசார் குறியீடு வாங்கிய வெட் கிரைண்டர் ஊர். சோமனூர்ல உங்க வீட்டுப் பக்கத்து ஷெட்டுல ஓடுற விசைத்தறியும் மோட்டார்லதான் ஓடுது. அந்த நீண்ட வரிசையின் தொடக்கத்துல இவர் நிற்கிறார்.

70 ரூபாய் ரேடியோ, 2,000 ரூபாய் கார்

ரேடியோ என்பது வசதியானவர்கள் வீட்டு ஹாலில் மட்டும் பாடிக்கொண்டிருந்த நேரம். 1941-ல் நாயுடு ஓர் அறிவிப்பு செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்றார்.

1952-ல் இன்னும் பெரிய ஆசை. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். பேப்பரில் வரைந்த படம் இல்லை, வண்டியே வெளியே வந்தது. நான்கு பேர் உட்காரும் பெரிய காரை எதுக்கு எல்லாரும் வாங்கணும், ரெண்டு பேருக்கு ரெண்டு சீட் போதுமே! மோட்டார் சைக்கிளைக் கழற்றிய அதே மூளைதான் இதுவும். தேவையில்லாததை எடுத்துவிடு, விலை தானாக இறங்கும்.

ஆனால் கார் ஓடவில்லை. வண்டியில் கோளாறு இல்லை, காகிதத்தில் கோளாறு. சுதந்திர இந்தியாவில் 1951-ல் தொழில்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருந்தது. பல பொருள்களைத் தயாரிக்க அரசின் லைசென்ஸ் வேண்டும். நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

அரசாங்கத்தின் வரிகள் மீதும் அவருக்குக் கடும் கோபம். எதிர்ப்பைக் காட்ட, தான் செய்த பொருள்களையே மக்கள் முன்னால் உடைத்தார் என்று கோவையில் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். கையால் செய்த ஒருவர் அதே கையால் உடைக்க வேண்டுமென்றால் உள்ளுக்குள் எவ்வளவு வெந்திருக்க வேண்டும்! அதே சமயம், உடைந்த பொருளால் எந்த வீட்டுக்கும் பயன் இல்லை என்பதும் உண்மைதானே. அவருடைய வாழ்க்கையில் மனசைப் பிசையும் இடம் இது. மலிவாகச் செய்யத் தெரிந்தவரால், அந்த மலிவான பொருளை மக்கள் கையில் கொண்டுசேர்க்க முடியவில்லை. கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அதற்கு வழிவிடும் காலமும் வேண்டியிருக்கிறது.

அரசியலும் அவருக்குச் சரிப்படவில்லை. மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார்.

ரெண்டு வருஷம் போதாதா?

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலன் என்று பணத்தைத் திருப்பிவிட்டார். அடுத்த வருஷம், 1945-ல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அதற்குப் பெரும் நன்கொடை கொடுத்தவர் நாயுடு. முதல்வராக உட்கார்ந்தவரும் அவரே. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் பிரின்சிபால்!

அவினாசி ரோட்டுல பஸ் கண்டக்டர் 'ஹோப்ஸ், ஹோப்ஸ்'னு கத்துறாரே, அந்த ஸ்டாப் பேரு இந்தக் கல்லூரியால வந்ததுதான். அந்தக் கல்லூரிதான் இன்னிக்கு தடாகம் ரோட்டுல இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி.

இங்கேயும் அவர் கையில் அதே ஸ்பேனர். நான்கு வருஷப் படிப்பைக் கழற்றிப் பார்த்தார். இதில் பாதி நேரம் வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் முடிவு. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியை விட்டு விலகினார்.

வீட்டையும் விடவில்லை அவர். காலை 6 மணிக்கு அஸ்திவாரம் தொடங்கி, சாயங்காலம் 5 மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் புது ரகங்கள் பார்த்தார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்துவிட்டுப் போன தோட்டம் அது. கேமரா பைத்தியமும் உண்டு. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை நேரில் நின்று படம் பிடித்தவர். இப்போ இருந்திருந்தா அவர் சேனலுக்கு எத்தனை சப்ஸ்க்ரைபரோ!

1967-ல் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் காலமானார்.

நாயுடு ஸ்பேனரை உங்க கிட்டுல வச்சுப் பாருங்க

சரி, இப்போ அந்த நெயில் ஆர்ட் பெட்டிக்கு வருவோம். நாயுடு வாழ்க்கையில இருந்து எடுத்துக்க ஒரு சூத்திரம் இருக்கு. விலையைக் குறைக்கணும்னா, எந்தப் பாகம் வேலை செய்யுதுன்னு முதல்ல பாருங்க. வேலை செய்யாததைக் கழிச்சுடுங்க. வேலை செய்யுற பாகத்துல மட்டும் கை வைக்காதீங்க.

டாட்டிங் டூல்: இதுல வேலை செய்றது எது? முனையில் இருக்கிற சின்ன உருண்டை மட்டும்தான். அப்படின்னா உருண்டைத் தலை வச்ச குண்டூசியைப் பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பர்ல குத்தினா அதே வேலை நடக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா குட்டிப் புள்ளிக்கு. ஹேர்பின் முனை பெரிய புள்ளிக்கு. இதுக்குக் காசே வேண்டாம்.

கோடு போடும் பிரஷ்: வேலை செய்றது நாலஞ்சு முடிதான். தீர்ந்துபோன நெயில் பாலிஷ் பாட்டில் பிரஷ்ஷை ரிமூவர்ல கழுவி, ஓரத்து முடிகளை வெட்டிட்டு நடுவுல மெல்லிசா விட்டுடுங்க. இல்லைன்னா ஸ்டேஷனரி கடையில ஜீரோ நம்பர் டிராயிங் பிரஷ் கேளுங்க.

டேப்: செலோ டேப்பே போதும். முதல்ல புறங்கையில ஒருதரம் ஒட்டி எடுத்து, பசையைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. அடிப் பூச்சு நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் நகத்துல ஒட்டணும். அவசரப்பட்டா பாலிஷ் டேப்போடயே வந்துடும்.

ஓம்ப்ரே ஸ்பாஞ்ச்: மேக்கப் ஸ்பாஞ்சின் ஒரு சின்னத் துண்டு போதும். ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துல தடவி, மெதுவா ஒத்தி எடுங்க.

இதெல்லாம் கழிக்கக்கூடியது. கழிக்கக் கூடாததும் இருக்கு.

ஃபைல்: இயற்கையான நகத்துக்கு 180-ல இருந்து 240 வரைக்கும் கிரிட் இருக்கிறதா பார்த்து வாங்குங்க. எண் குறையக் குறைய சொரசொரப்பு அதிகம். சொரசொரப்பான ஃபைல் நகத்தைப் பிளந்துடும்.

நெயில் டிரில்: இங்க வேலை செய்றது மோட்டார். வாங்கினதும் நகத்துல வைக்காதீங்க. முதல்ல காத்துல ஓடவிட்டு முனையைப் பாருங்க. நேரா சுத்தாம ஆட்டம் காட்டினா, கை ரொம்ப நடுங்கினா, உடனே ரிட்டர்ன் போடுங்க. அந்த நடுக்கம் நகத்துக்குள்ள போகும். புதுசா கத்துக்கிறவங்க மிகக் குறைந்த வேகத்துல, மேல இருக்கிற ஜெல்லையோ ஒட்டு நகத்தையோ தேய்க்க மட்டும் பயன்படுத்துங்க. சொந்த நகத்தைத் தேய்ச்சு மெலிசாக்கிட்டா, அது வளர்ந்து வெளியே வர்ற வரைக்கும் சரியாகாது. வெறும் பாலிஷ்தான் போடப்போறீங்கன்னா டிரில்லே வேண்டாம்.

ஜெல் லேம்ப்: இதுல கஞ்சத்தனம் கூடவே கூடாது. ஜெல் எந்த லேம்ப்புக்குன்னு பாட்டில்ல போட்டிருக்கோ, அதுக்கேத்த லேம்ப்தான் வேணும். பொருந்தாத லேம்ப்ல ஜெல் மேல மட்டும் காய்ஞ்சு உள்ளே ஈரமாவே நிற்கும். சரியாக் காயாத ஜெல் தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா அலர்ஜி வரலாம். நகத்தைச் சுத்தி அரிப்போ சிவப்போ தெரிஞ்சா நிறுத்திட்டு, தோல் டாக்டரைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. பாலிஷும் ரிமூவரும் சீக்கிரம் தீப்பிடிக்கிற பொருள்கள். அடுப்பு எரியுற சமையலறையில உட்கார்ந்து போடாதீங்க. ஜன்னலைத் திறந்து வையுங்க.

திறந்து பார்க்கிறவங்களுக்குத்தான் கருவி

சோமனூர், கருமத்தம்பட்டி, சூலூர் பக்கமெல்லாம் இப்போ கல்யாண சீசன்ல மெஹந்தியோட சேர்த்து நெயில் ஆர்ட்டும் போட்டுக் கொடுக்கிற பெண் பிள்ளைகளைப் பார்க்கலாம். கடை வாடகை இல்லை, பெரிய முதலீடு இல்லை. ஒரு பெட்டி டூல்ஸ், ஒரு ஃபோன், ஒரு இன்ஸ்டா பக்கம். வீட்டுப் பக்கத்து ஷெட்டுல தறி போட்டுப் பிழைச்ச ஊருக்கு, வீட்டுல இருந்தபடியே ஒரு கருவியை வச்சுச் சம்பாதிக்கிறது புதுசு இல்லை.

அப்படிச் சம்பாதிக்க நினைக்கிறவங்களுக்கு நாயுடுவின் வாழ்க்கை ஒரு விஷயத்தைத் தெளிவாக் காட்டுது. கருவி நின்னுபோச்சுன்னா தூக்கி எறிஞ்சுட்டு அடுத்ததை ஆர்டர் போடுறவங்க, எப்பவும் கருவிக்குச் செலவு பண்ணிக்கிட்டே இருப்பாங்க. ஏன் நின்னுச்சுன்னு பார்க்கிறவங்களுக்கு அந்தக் கருவியோட பாதி வித்தை வந்துடும். வயர் லூஸா, தூசி அடைச்சிருக்கா, பேட்டரி உயிர் போயிடுச்சா... சார்ஜர்ல இருந்து கழற்றிவச்சுட்டு, விஷயம் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு தடவை திறந்து பாருங்க. லித்தியம் பேட்டரியை மட்டும் குத்தவோ நெளிக்கவோ கூடாது.

ஒரு ஞாயித்துக்கிழமை நேரம் கிடைச்சா, அவினாசி ரோட்டுல ஜி.டி.நாயுடு அருங்காட்சியகத்துக்கும் பக்கத்துல இருக்கிற ஜி.டி கார் மியூசியத்துக்கும் போய்ட்டு வாங்க. திறந்திருக்கிற நேரத்தை முன்னாடியே கேட்டுக்கோங்க. ரேசண்ட் என்ற பெயரில் இன்று கடைகளில் ரேசர் இல்லை. 2,000 ரூபாய் காரும் ரோட்டுக்கு வரவில்லை. ஆனால் கரன்ட் இல்லாத வீட்டிலும் ஓடுகிற மாதிரி ஒரு கருவியை யோசித்த அந்தக் கலங்கல் மூளை எப்படி வேலை செய்தது என்று அங்கே போனால் தெரியும். பார்த்துட்டு வந்து உங்க கிட்டைத் திரும்பப் பிரிங்க. எதெல்லாம் தேவை, எதெல்லாம் சும்மா ஜிகினான்னு நீங்களே சொல்லிடுவீங்க.